குழிக்குள் இறங்காதவள்

சந்தனம் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் அன்று காலையில் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அடைக்கலமேரிக்கு, வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் முதலில் இருமலாகத்தான் பட்டது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். இருமல் இல்லை. புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான். கூடவே ஒரு பொம்பளைச் சிரிப்பும் கேட்டது.

உள்ளே இருந்தவள் சொர்ணவல்லி. சற்று முன்னால் தூக்குவாளியோடு வந்து, "அக்கா, மேஸ்திரி உள்ள இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குனிந்து உள்ளே போனவள். கீரமங்கலத்துப் பக்கம் வாக்கப்பட்டுப் போய், புருஷன் செத்தபிறகு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அக்கா என்ற சொல் அடைக்கலமேரிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான், முப்பத்தெட்டு நாற்பது இருக்கும். அதோடு, மூத்த சம்சாரத்தை இளையவள் கூப்பிடுவதும் அக்கா என்றுதானே? ஊரில் சின்னது பெரியது எல்லாம் சந்தனத்தை அண்ணே என்றோ மாமா என்றோ முறை வைத்துக் கூப்பிடும்போது, இவளுக்கு மட்டும் மேஸ்திரி. முறை சொல்ல வாய் வராதோ!

செங்குழிப்பட்டியில் நாற்பது வருஷம் காவிக்கல் எடுத்தார்கள். ஊருக்கு வடக்கே குழி. ஊருக்கு நடுவில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு கோயில். கோயில் கட்டியபோது குழியில் வேலை செய்த அத்தனை பேரும், வேதக்காரர்கள் என்றும் இந்துக்கள் என்றும் பார்க்காமல், வேலை முடிந்து போகையில் ஆளுக்கொரு கூடை கல் சுமந்து போட்டார்கள் என்று சொல்வார்கள். ஐம்பத்தாறாம் வருஷம் குழியின் அடியில் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் நிற்காமல் வந்தது. கம்பெனிக்காரர்கள் இஞ்சினை வைத்து இறைத்துப் பார்த்துவிட்டு, இஞ்சினையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜனங்களும் போனார்கள். சிலர் தேயிலை மலைக்கு, சிலர் தஞ்சாவூர்ப் பக்கம் நடவு அறுப்புக்கு. நானூறு பேர் நெருக்கியடித்துப் பூசை கண்ட கோயிலில், இப்போது ஞாயிற்றுக்கிழமை நாற்பது தலை தெரிந்தால் அதிகம். பங்குச் சாமியார் மட்டும் போகவில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் பால் பவுடரைத் தினமும் அண்டாவில் காய்ச்சிப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊற்ற ஏற்பாடு செய்திருந்தார். வந்த மறுவாரமே அந்தப் பால் கிண்டும் வேலை சொர்ணவல்லிக்குக் கிடைத்தது.

சந்தனமும் போகவில்லை. அவனால் போக முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் குழிக்குள் விழுங்கிய தூசி நெஞ்சில் உறைந்துபோயிருந்தது. திருச்சியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "நல்லாச் சாப்பிடுங்க, ஈரக்காத்துல படுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவனும் அவளும் அந்த இழுப்பும்தான்.

அடைக்கலமேரி புளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சந்தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு. தட்டில் பச்சையாய் ஒரு அடை. பாதி தின்றிருந்தான்.

"முசுமுசுக்கை அடைக்கா" என்றாள் சொர்ணவல்லி. "வேலி பூராக் கெடக்கு. நெஞ்சுச்சளிக்குக் கேக்கும்."

"காலையில கஞ்சி குடுத்தேன், வேணாம்னாக."

"அது கஞ்சி, இது அடை" என்றான் சந்தனம். சொல்லிவிட்டுப் பெண்டாட்டி பக்கம் திரும்பாமலே, "நீ சொல்லு சொர்ணம், அப்புறம் கணக்கப்பிள்ளை என்ன பண்ணுனாரு?" என்றான்.

"என்ன பண்ணுவாரு? வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுக் கல் ஊறப்போட்ட தொட்டிக்குள்ள விழுந்தாரா, எந்திரிச்சு வந்தா உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் காவி. நம்ம அழகுமலை கும்புட்டு விழுந்து, சாமி எப்பங்க காசியிலேருந்து வந்தீகன்னு கேட்டான் பாருங்க."

சந்தனம் மறுபடி சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடைக்கலமேரி தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் சொர்ணவல்லி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய மாதிரிகூட இல்லை. குழியில் யாருக்காவது புரையேறினால் பக்கத்தில் நிற்பவர்கள் கைவைத்துத் தட்டுவார்களே, அப்படி யோசிக்காமல் போட்ட கை. அந்த யோசிக்காமைதான் அடைக்கலமேரியைச் சுட்டது.

அவளுக்கு அந்தக் கணக்கப்பிள்ளைக் கதை தெரியாது. பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் புருஷன் அதைச் சொன்னதில்லை.

அவள் குழிக்குள் இறங்கியதே இல்லை. அவளுடைய அப்பா இந்தக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். சம்பந்தம் பேச வந்தபோது, "எம் மக குழிக்குக் கூடை தூக்கப் போகமாட்டா. அதுக்குச் சம்மதம்னா மேல பேசுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஊரில் மற்றப் பொம்பளைகள் எல்லாம் காது மடலிலும் நகக்கண்ணிலும் சிவப்பு ஏறித் திரிந்த காலத்தில், அடைக்கலமேரி வெளுத்த சேலை கட்டி வெள்ளைக் காலோடு பூசைக்குப் போனாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. சொர்ணவல்லியோ பதினைந்து வயசில் கூடை எடுத்தவள். பதினோரு வருஷம் சந்தனத்தின் கும்பலில் இருந்தாள். அவன் கடப்பாரை போட்டுச் சரித்த கல்லை அவள் சுமந்து மேலேற்றினாள். இத்தனை வருஷம் அடைக்கலமேரி அதைப்பற்றி ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் அவளும் வேலியில் முசுமுசுக்கை பறித்து, அரிசியை ஊறப்போட்டு அரைத்து, நல்லெண்ணெய் விட்டு அடை சுட்டாள். சந்தனம் ஒரு விள்ளல் தின்றான்.

"உப்புக் கரிக்குது."

"நேத்து அவ கொண்டாந்ததையும் தின்னு பார்த்தேன். இதே உப்புத்தான்" என்றாள்.

அவள் தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, குழியில வேற என்னென்ன நடந்துச்சு? எங்கிட்டயும் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது மேரி."

"அவளுக்குப் புரியுது, எனக்குப் புரியாதா?"

"அவ உள்ள இருந்தவ. நீ இருந்தியா?" கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அழுது தீர்ந்திருக்கும்.

புரட்டாசி பாதி வரைக்கும் சொர்ணவல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். பால் ஊற்றிவிட்டு மீதியை ஒரு செம்பில் கொண்டுவருவாள். அவள் வரும் நேரத்துக்குச் சந்தனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அவனே சீப்பைக் கேட்டான். அடைக்கலமேரி சீப்பை எடுத்துக் கொடுத்தாள். தொண்டை வறளும்படி வெயில் அடித்த அந்தப் பகலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நேரே சாமியார் பங்களாவுக்கு நடந்தாள்.

சாமியார் பால் பவுடர் டின்களை எண்ணிக்கொண்டிருந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர்.

"என்னம்மா, சந்தனத்துக்கு எப்படி இருக்கு?"

"இருக்காக சாமி. நான் ஒண்ணு சொல்லணும். சொன்னாப் பாவமோ என்னமோ."

"சொல்லு."

"கோயிலுக்குப் பால் காய்ச்சுறவ நாலு பேரு வாயில விழாம இருக்கணும்ல சாமி? பகல்ல ஒரு ஆம்பளை படுத்துக் கெடக்குற வீட்டுல வந்து மணிக்கணக்கா உக்காந்து சிரிச்சா ஊரு என்ன பேசும்? எனக்கு ஒண்ணுமில்ல. நான் நம்புறேன். ஊருதான் பேசுது."

ஊர் ஒன்றும் பேசவில்லை. ஊரில் பேச ஆள் ஏது? சாமியார் கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தார். "நீ உன் கண்ணால தப்பா ஏதாவது பார்த்தியாம்மா?"

அடைக்கலமேரி தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அது போதுமாக இருந்தது. உபதேசியார் மகள் பொய் சொல்லமாட்டாள் என்று சாமியார் நினைத்தார். மறுவாரத்திலிருந்து கண்ணாத்தாள் என்று ஒருத்தி பால் கிண்டினாள். சொர்ணவல்லி வீட்டுப்பக்கம் வருவதும் நின்றது.

முதல் மூன்று நாள் சந்தனம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் பால் கொண்டுவந்த கண்ணாத்தாள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "சாமியார்ட்ட யாரோ என்னமோ சொல்லிட்டாகளாம்" என்றாள். சந்தனம் பெண்டாட்டியைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சீப்பு கேட்கவில்லை. கஞ்சியை வைத்தால் குடித்தான், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் அவனுக்கு இழுப்பு கூடிவிட்டது. மூச்சுவிடும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எட்டு நாள் அடைமழை ஓய்ந்து வெளுத்த ஒரு காலையில், அவளிடம் பேசாமல் கிடந்தவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"குழியில தண்ணி எந்தப் படியில நிக்குது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஆமா, ஒனக்கு எப்படித் தெரியும்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. கஞ்சிப்பானையை இறக்கி வைத்துவிட்டுக் குழிக்கு நடந்தாள்.

குழிக்குப் போகும் பாதையில் ஆவாரையும் கருவேலமும் மண்டியிருந்தன. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தவள் ஓரடி பின்வாங்கினாள். இவ்வளவு ஆழம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. நாலுபக்கமும் ரத்தச் சிவப்பாய் மண்சுவர். ஒரு பக்கம் சுவரோடு சுவராய் வெட்டிய படிகள், ஒன்றுக்கொன்று முழங்கால் உயரம். கீழே செந்தண்ணீர். இதில்தான் அவர் இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கினாரா? தலைமேல் சுமையோடு இதிலா அந்தப் பொம்பளைகள் ஏறினார்கள்?

தண்ணீர் வரைக்கும் படியை எண்ணி முடித்தாள். அப்போதுதான் நாலைந்து படி கீழே, மழைக்கு உதிர்ந்த காவிக்கட்டிகளை ஓலைப்பெட்டியில் பொறுக்கிக்கொண்டிருந்த சொர்ணவல்லி நிமிர்ந்தாள்.

பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மேஸ்திரிக்கு ஒண்ணும் இல்லையேக்கா?" என்றாள் சொர்ணவல்லி.

"இருக்காக. நீ இங்க என்ன பண்ற?"

"கட்டி பொறுக்குறேன். இடிச்சுச் சலிச்சு இலுப்பூர்ச் சந்தைக்குக் கொண்டுபோனா, சுவத்துக்குப் பட்டை அடிக்க வாங்குவாங்க. வேற வேலை எது?"

அந்த 'வேற வேலை எது'வில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அடைக்கலமேரி சண்டை போட்டிருப்பாள். இல்லாததால் நின்ற இடத்திலேயே கேட்டுவிட்டாள்.

"ஒனக்கும் அவுகளுக்கும் என்னடி?"

சொர்ணவல்லி பெட்டியைக் கீழே வைத்தாள். கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"எனக்கு ஆசை இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். ஒங்களக் கட்டுறதுக்கு முந்தியே இருந்துச்சு, கட்டுனப்புறமும் இருந்துச்சு. நாங்க வேற சாமி கும்புடுறவுக. எங்க அண்ணன் வெட்டியே போட்டிருப்பான்."

"அவுகளுக்கு?"

"தெரியாது. நான் கேக்கல, அவரும் சொல்லல. ஒரு நாளும் அதைப்பத்திப் பேசுனதில்லக்கா. வேலை இருந்துச்சு, வேலையைப் பத்தித்தான் பேசுனோம்."

தொட்டான், கொஞ்சினான் என்று சொல்லியிருந்தால் அவளைக் காறித் துப்பிவிட்டு அடைக்கலமேரி வீட்டுக்குப் போகலாம். வேலையைப் பேசினார்கள் என்பதை என்ன செய்வது?

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் சொர்ணவல்லி.

"தண்ணி எந்தப் படியில நிக்குதுன்னு கேட்டாக. பன்னெண்டாம் படி."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க மேலேருந்து எண்ணுறீங்க. குழிக்காரவுக கீழேருந்துதான் எண்ணுவோம். மொத்தம் முப்பத்தொண்ணு. பன்னெண்டு வெளிய தெரிஞ்சா, தண்ணி பத்தொம்பதுல நிக்குது. இறங்கி வந்து பாருங்க, பயப்படாதீங்க." மேலேறி வந்து கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பிடித்து அடைக்கலமேரி பத்துப் படி இறங்கினாள். கை காய்த்துப்போய்க் கட்டையாக இருந்தது. மேலே வானம் ஒரு மூடியைப் போல் சின்னதாகத் தெரிந்தது. மூச்சு முட்டியது. ஏறி வந்தபிறகு, மனசு இளகிய அந்த நேரத்தில் சொன்னாள்: "நாளைக்கி நானே வந்து ஒன்னைக் கூப்பிடுறேன். வந்து பாத்துட்டுப் போ."

சொர்ணவல்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து, ஈரக்காலோடு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, "பத்தொம்பதாம் படியில நிக்குதுங்க" என்றாள்.

சந்தனம் திரும்பினான். "கீழேருந்து எண்ணுனியா?"

"ம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானே போயி இறங்கிப் பாத்தேன்."

அவன் முகம் மாறியது. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. "நீயா? நீயா இறங்குன?" என்றான். அவள் பாதத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணை ஒற்றை விரலால் தொட்டான். "பத்தொம்பதுலதான் செதுக்கி ஒரு மாடம் வச்சிருப்போம், பாத்தியா? தண்ணிக்குள்ள போயிருக்கும். குடிக்கிற தண்ணிப் பானை அங்கதான் இருக்கும்" என்று ஆரம்பித்தான்.

அன்று சாயங்காலம் வரைக்கும் விட்டு விட்டுப் பேசினான். மறுநாளும் பேசினான். எந்தக் கல் உடையும்போது எப்படிச் சத்தம் வரும், மண் சரியப்போவது எதனால் தெரியும், மதியம் எல்லாரும் கூழைக் கலந்து ஒரே சட்டியில் குடித்தது எல்லாம். அடைக்கலமேரி பக்கத்திலேயே இருந்து கேட்டாள். சொர்ணவல்லியைக் கூப்பிடப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், கொஞ்சம் பேசி முடிக்கட்டும் என்று நினைத்தாள். உண்மையில் அந்தப் பேச்சில் ஒரு வாய்கூட இன்னொருத்திக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. இப்போதுதானே கிடைத்திருக்கிறது!

இரண்டாம் நாள் மத்தியானம், பேச்சுக்கு நடுவில் நிறுத்தி அவன் கேட்டான்: "சொர்ணம் இந்தப் பக்கம் வரலையா?"

"கீரமங்கலம் போயிருக்காளாம்."

"எப்ப வருவா?"

"தெரியலங்க."

"அவளுக்குத்தான் தெரியும், அந்த மேக்குச் சுவரு..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. சுவர்ப்பக்கமும் திரும்பவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

மூன்றாம் நாள் காலையில் மூச்சு மேலுக்கும் கீழுக்குமாக வாங்கியது. சாமியார் ஓடிவந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலம் பூசினார். பத்து மணிக்கு மேல் வெயில் வந்து வாசலில் விழுந்தபோது சந்தனம் அடங்கிவிட்டான். கோயிலில் துக்கமணி அடித்தார்கள்.

பெண்கள் இரண்டு பேரும் வந்து விழுந்து புரண்டார்கள். அடைக்கலமேரியும் அழுதாள். அழும்போதே கூட்டத்தில் கண் அலைந்தது. சொர்ணவல்லி வீட்டுக்கு வரவில்லை. சவப்பெட்டியை ஆட்கள் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போகையில், அவள் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றாள். அழவில்லை. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் நாள் பூசைக்கு முன்னால் அடைக்கலமேரி பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டாள். சாமியாரிடம் அன்றைக்குச் சொன்னது பொய், கண்ணால் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தி சோத்துல மண்ணைப் போட்டுட்டியேம்மா. செபமாலை சொல்லி இதை முடிச்சுட முடியாது. நீயே போய் அவளைக் கூட்டிட்டு வா. நாளையிலேருந்து அவதான் பால் காய்ச்சணும்."

அந்த இன்னொன்றை, கீரமங்கலம் போயிருக்கிறாள் என்று சொன்னதை, அவள் சாமியாரிடம் சொல்லவில்லை. அது பாவமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பூசை முடிந்து சொர்ணவல்லி வீட்டுக்குப் போனாள். அவள் கொல்லையில் உட்கார்ந்து உலக்கையால் காவிக்கட்டி இடித்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரைக்கும் சிவப்பு. அடைக்கலமேரியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சாமி வரச் சொன்னாரு. பால் வேலைக்கி. நாளைக்கே."

"சரிக்கா."

"நான்தான் கெடுத்தேன். நான்தான் போய்ச் சொன்னேன்."

"தெரியும்."

"கூப்பிடுறேன்னுட்டு, வந்து கூப்பிடவும் இல்ல."

"பரவால்ல. ஆளு அப்படி இருக்கையில ஒங்களுக்கு எங்க நேரம் இருந்திருக்கும்."

அடைக்கலமேரி காத்திருந்தாள். கடைசியில் என்னைக் கேட்டாரா என்று இவள் கேட்பாள்; கேட்டால் 'இல்லை, யாரையும் கேட்கவில்லை, என்கிட்டத்தான் பேசிக்கொண்டிருந்தார்' என்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

சொர்ணவல்லி கேட்கவில்லை. "ஒக்காருங்கக்கா, மோர் கொண்டாறேன்" என்று உலக்கையைச் சுவரில் சாத்தப் போனாள்.

கேட்காமலேயே இருந்துவிடுவாள் என்று அடைக்கலமேரிக்குத் தெரிந்தது. இன்றைக்கு மட்டுமல்ல, சாகிற வரைக்கும் கேட்கமாட்டாள். உலக்கையைச் சாத்தும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, நினையாத வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"கேட்டாகடி."

சொர்ணவல்லி திரும்பினாள்.

"ஒன்னைக் கேட்டாக. சொர்ணம் வரலையான்னு. எப்ப வருவான்னு. நான்தான் நீ ஊருல இல்லைன்னுட்டேன். அப்புறம் சாகுற வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே கெடந்தாக."

சொர்ணவல்லியின் கையிலிருந்து உலக்கை நழுவியது. நின்ற இடத்திலேயே காவித்தூளின் மேல் உட்கார்ந்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. வாய்விட்டு, ஊருக்குக் கூச்சப்படாமல், மாரில் அறைந்துகொண்டு அவள் அழுதாள். மேஸ்திரி, மேஸ்திரி என்றே சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

அடைக்கலமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு நாளாக அவளும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள். இப்படி ஒரு அழுகை அவளுக்கு ஒருதரம்கூட வரவில்லை. நெஞ்சு காந்தியது. இதையும் இவளே எடுத்துக்கொண்டாளே என்று இருந்தது.

இருந்தாலும் போய்ப் படலைச் சாத்தினாள். எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் மறைத்து, படலுக்கு முதுகைக் கொடுத்து, அவள் அழுது முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.